வேரைப் பார்த்து வெட்டுங்கள்: வீட்டில் ஆர்க்கிட் கன்று எடுக்க முழுமையான வழிகாட்டி

ஆறு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் 149 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். 'நீல ஆர்க்கிட் விதைகள், 50 எண்ணம்' என்று படத்தோடு போட்டிருந்தார்கள். உள்ளே கறுப்பாக, உருண்டையாக, நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற விதைகள். கோகோபீட்டில் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். எட்டாம் நாளே முளைத்துவிட்டன. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மாதம் கழித்து என் மாமியார் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "கடுகுச் செடிதாம்மா இது" என்றார்.

ஆர்க்கிட் விதை கண்ணுக்கு விதையாகவே தெரியாது. காயைப் பிளந்தால் மாவு மாதிரி ஒரு தூசி பறக்கும், அவ்வளவுதான். ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் பயறிலும் இருப்பது போல முளைக்குத் தேவையான சாப்பாடு அதற்குள் இல்லை. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை அந்த விதைக்குள் புகுந்து அதற்குச் சோறு போட்டால்தான் முளைக்கும். பிரான்சில் நோயெல் பெர்னார் 1899இல் இதைக் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமலேயே, சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் கூழில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் நடப்பது ஏறக்குறைய அதுதான். ஆகவே மண்ணில் தூவச் சொல்லி யாராவது ஆர்க்கிட் விதைப் பொட்டலம் விற்றால், அது ஏமாற்று வேலை. பேசாமல் கடையில் கடுகாகவே வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் நம்மால் முடிவது, இருக்கிற செடியிலிருந்து இன்னொரு செடி எடுப்பது. அதற்கு நாலு வழி உண்டு: குத்தைப் பிரிப்பது, பழைய தண்டைப் படுக்க வைப்பது, தாய்ச்செடியின் மேல் வரும் குட்டியைப் பிரித்தெடுப்பது, தலையை வெட்டி நடுவது. எல்லாவற்றிலும் வெட்டுவது ஒரு நிமிட வேலை. எப்போது வெட்டுவது என்பதில்தான் நான் உட்பட எல்லாரும் கோட்டை விடுகிறோம். அதை வேர்தான் சொல்லும்.

நான் இருப்பது சென்னை நங்கநல்லூரில், மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. இங்கே எழுதுவதெல்லாம் வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மாதக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் செடி வாழையா, தென்னையா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தியை எடுக்காதீர்கள். ஆர்க்கிட்டில் வளர்கிற விதம் இரண்டு. ஒன்று, வாழை மாதிரி. அடியில் கிடைமட்டமாக ஒரு கிழங்குத்தண்டு ஓடும். அதிலிருந்து வருடாவருடம் பக்கத்தில் புதுத் தண்டு கிளம்பும். செடி கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியின் ஒரு ஓரத்தை நோக்கி நடந்து போகும். டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம், சிம்பிடியம் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றைப் பிரிக்கலாம்.

இன்னொன்று தென்னை மாதிரி. ஒரே தலை, மேல்நோக்கி மட்டும் வளர்ச்சி. வாண்டா, மொகாரா, ஃபெலனாப்சிஸ் இந்த வகை. இவற்றைப் பிரிக்க முடியாது. ஃபெலனாப்சிஸை நடுவில் இரண்டாகப் பிளந்து இரண்டு தொட்டியில் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் போய்விட்டன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டென்ட்ரோபியத்தில் தொடங்குங்கள். நம் ஊர் வெக்கை அதற்குப் பிடிக்கும், நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும், தப்புச் செய்தாலும் மன்னிக்கும்.

வேரை வாசிப்பது

ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் தெரியும். தண்ணீர் பட்ட சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டு பச்சையாகிவிடும். வேருக்குத் தாகமா இல்லையா என்று அறிய இதைவிட எளிய வழி கிடையாது. வேர்நுனி பளபளவென்று பச்சையாகவோ சிவப்பு கலந்த பழுப்பாகவோ இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. நுனியும் வெள்ளை உறையால் மூடிக்கொண்டுவிட்டால் தற்போதைக்கு ஓய்வு.

வேரை இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். வழுக்கிக்கொண்டு உறை மட்டும் கையோடு வந்து, உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சினால் அது அழுகியது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை உடைந்த பழைய வேர் நுனி பெரும்பாலும் மறுபடி நீளாது. பக்கக்கிளை விடலாம், அவ்வளவுதான். பிரித்த துண்டு பிழைப்பது புதிதாக விடப்போகும் வேரை நம்பித்தான். ஆகவே புதுத் தண்டின் அடியில் வேர்கள் மொட்டு மொட்டாக எட்டிப் பார்த்து, அரை அங்குலத்துக்குள் இருக்கும் சமயமே பிரிக்கச் சரியான சமயம். அதற்கு முன்னால் வெட்டினால் செடி மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். வேர்கள் நீளமாக வளர்ந்த பிறகு வெட்டினால், நாமே அவற்றை உடைத்துவிடுவோம்.

சென்னையில் எனக்கு இது இரண்டு பருவத்தில் அமைகிறது. மாசி, பங்குனியில் ஒரு தடவை. ஆனியிலிருந்து ஆவணி வரை இன்னொரு தடவை. ஆடிப்பட்டம் இதற்கும் பொருந்துகிறது. கத்திரி வெயிலில் வெட்டினால் துண்டு வற்றிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டினால் வெட்டுவாய் ஆறுவதற்குள் அழுகிவிடும். கார்த்திகையில் அவசரப்பட்டு ஒரு ஊதா டென்ட்ரோபியத்தை ஐந்து துண்டாக்கினேன், துண்டுக்கு ஒரு தண்டு கணக்கில். பொங்கலுக்குள் நாலு போயிற்று. மிஞ்சிய ஒன்று பூக்க மூன்று வருடம் எடுத்தது.

பிளேடு விஷயம்

சவர பிளேடு ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடிக்கு ஒரு பிளேடு. முடிந்ததும் பத்திரமாகச் சுற்றி எறிந்துவிடுங்கள். கத்தரிக்கோலோ கத்தியோ பயன்படுத்துவதானால் ஒவ்வொரு செடிக்கும் இடையில் காஸ் தீயில் நன்றாகச் சூடாக்கி ஆறவிடுங்கள்.

இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்டது இல்லை. ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ்களில் சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும் ரொம்பப் பரவலானவை. இரண்டும் வெட்டும் கருவியில் ஒட்டியிருக்கும் சாறு வழியாக அடுத்த செடிக்குத் தாவும். மருந்து கிடையாது. இலையில் கறுப்புக் கோடுகள், பூவில் நிறம் திட்டுத்திட்டாக உடைவது போன்ற அறிகுறி உள்ள செடியிலிருந்து கன்று எடுக்கவே வேண்டாம். எடுத்தால் நோயையும் சேர்த்துப் பெருக்குகிறீர்கள்.

தொட்டிக்குள் என்ன போடுவது

மண் போடக்கூடாது. இவற்றில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையில் தொற்றி வாழ்கிறவை, வேருக்குக் காற்று வேண்டும். நான் போடுவது அடுப்புக்கரி இரண்டு பங்கு, உடைத்த ஓடு அல்லது செங்கல் துண்டு ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு. கரியைக் கட்டைவிரல் அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவ வேண்டும். மட்டைத் துண்டை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். முதல் நாள் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், இரண்டும் வேருக்கு ஆகாது. இளம் குட்டிகளுக்கு மட்டும் ஸ்பேக்னம் மாஸ் (ஈரம் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி) கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். விலைதான், ஆனால் ஒரு கைப்பிடி வெகுநாள் வரும்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1400. அதை ஊற்றினால் வேர்நுனி கருகுகிறது. மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன், அது தீர்ந்தால் ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை ஊற்றிவிடாதீர்கள். உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

டென்ட்ரோபியம் குத்தைப் பிரிப்பது

குறைந்தது ஆறு, ஏழு தண்டு உள்ள குத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் மூன்று அல்லது நான்கு தண்டு, அதில் ஒன்று புதுத் தளிர். இந்தக் கணக்கில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய தண்டு இலை உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் வீண் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும் பானை அது. புதுத் தளிர் அதைக் குடித்துத்தான் வளர்கிறது.

1. பூ முடிந்து, புதுத் தளிரின் அடியில் வேர் எட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள்.

2. தொட்டியோடு அரை மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். ஊறிய வேர் வளையும், காய்ந்த வேர் படக்கென்று ஒடியும்.

3. பிளாஸ்டிக் தொட்டி என்றால் சுற்றிலும் அமுக்கிவிட்டு உருவுங்கள். மண்தொட்டி என்றால் வேர் உட்சுவரில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். இழுக்காதீர்கள். சுத்தியலால் தொட்டியை ஒரு தட்டு தட்டி உடையுங்கள். வேரோடு ஒட்டிய ஓடு அப்படியே இருக்கட்டும், அதையும் சேர்த்துப் புதுத் தொட்டியில் வைத்துவிடலாம். 40 ரூபாய்த் தொட்டி போனால் போகிறது, வேர் திரும்ப வராது.

4. பழைய கரி, மட்டையெல்லாம் உதறி, குழாயடியில் அலசுங்கள். அழுகின வேரை வெட்டி எடுங்கள். இப்போது அடிக்கிழங்கு தெளிவாகத் தெரியும். தண்டுகள் வரிசையாக எந்தத் திசையில் நடந்து வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

5. இரண்டு தண்டுகளுக்கு நடுவே கிழங்கை ஒரே வெட்டாக வெட்டுங்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். அவற்றை வெட்டாமல் விரலால் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். இந்த ஒரு வேலைக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகும்.

6. வெட்டுவாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். அது பூஞ்சையைத் தடுக்கும், கூடவே ஈரத்தையும் உறிஞ்சும். அதனால் வேரில் படக்கூடாது, பட்டால் வேர் காய்ந்துவிடும். மஞ்சள்தூளும் தடவுகிறார்கள். நான் பட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறகு ஒரு நாள் நிழலில் காற்றாட வையுங்கள்.

7. தொட்டி சிறியதாக இருக்கட்டும், நாலு அங்குலம் அல்லது ஐந்து அங்குலம். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயாது, அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுத் தளிர் நடுவை நோக்கியும் இருக்கும்படி வைத்தால் அது நடந்து போக இடம் இருக்கும். கிழங்கைப் புதைக்காதீர்கள், கரியின் மேல் உட்கார்ந்திருந்தால் போதும்.

8. ஒரு குச்சி நட்டு, தண்டை நைலான் நூலால் கட்டுங்கள். தொட்டியைத் தூக்கி லேசாக ஆட்டினால் செடி அசையக்கூடாது. அசைந்தால் புது வேரின் நுனி கரியில் உரசித் தேய்ந்துவிடும். பலர் தவறவிடுவது இப்படிக் கட்டுவதைத்தான்.

அப்புறம் நாலைந்து நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலையில் இலைக்கு மட்டும் தெளித்தால் போதும். அதன் பிறகு வழக்கம் போல.

மொட்டைத் தண்டிலிருந்து

குத்தைப் பிரிக்கும்போது சில பழைய தண்டுகள் தனியாகக் கழன்று வரும். கெட்டியாக, பச்சை மாறாமல் இருந்தால் எறியாதீர்கள். ஒவ்வொரு கணுவிலும் தூங்கும் மொட்டு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே பூத்த கணு மறுபடி விடாது. பூக்காத கணுதான் நமக்கு வேண்டும்.

தண்டை இரண்டு, மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். லிட்டருக்கு 2 கிராம் சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, முனைகள் காயும்வரை நிழலில் வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். பிறகு ஒரு பெட்டியில் ஈரமான மாஸ் பரப்பி அதன்மேல் படுக்க வைக்க வேண்டும். மாஸைக் கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டு வராத அளவு ஈரம்தான் சரி. பெட்டிக்கு எங்கள் வீட்டில் பிரியாணி பார்சல் டப்பாதான், கண்ணாடி மாதிரி மூடி உள்ளது. வெளிச்சம் வரும், வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை திறந்து காற்று காட்டுங்கள். துண்டு எதுவும் கொழகொழவென்று ஆனால் உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்துத் துண்டையும் கெடுக்கும்.

ஆறிலிருந்து பத்து வாரத்தில் கணுவில் பச்சையாக ஒரு முள் போல எழும்பும். பிறகு இலை, அதற்குப் பிறகு வேர். எனக்குப் பத்துத் துண்டுக்கு நாலு தேறும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் குத்தைப் பிரிப்பதோடு நிற்கலாம்.

குட்டி விட்டால்

சில சமயம் நாம் ஒன்றுமே செய்யாமல் டென்ட்ரோபியத்தின் உச்சிக் கணுவில் குட்டிச்செடி ஒன்று இலையும் வேருமாகக் கிளம்பும். ஹவாய் மொழியில் குழந்தைக்கு 'கெய்கி' என்று பெயர். உலகமெங்கும் ஆர்க்கிட்காரர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நான் குட்டி என்றே சொல்கிறேன்.

குட்டி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் தாயின் வேரைப் பாருங்கள். தொட்டிக்குள் வேர் அழுகினால், செடி தப்பிக்கும் வழியாக மேலே குட்டி விடுவது உண்டு. பூ வரவேண்டிய நேரத்தில் தழைச்சத்து அதிகமாகப் போட்டாலும் பூவுக்குப் பதில் குட்டி வரும். ஒரே செடியில் மூன்று, நாலு குட்டி வந்திருந்தால் பெரும்பாலும் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

குட்டிக்கு மூன்று வேராவது, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலமாவது வளரும்வரை தாயோடு விடுங்கள். காத்திருக்கும் நாளில் குட்டியின் வேரைச் சுற்றிக் கொஞ்சம் ஈர மாஸ் வைத்து நூலால் தளர்வாகக் கட்டினால் வேர் விரைவாக வளரும். பிறகு லேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். வராவிட்டால் தாய்த்தண்டில் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எடுங்கள். மூன்று அங்குலத் தொட்டி, சின்னக் கரித்துண்டு, மேலே ஒரு சிட்டிகை மாஸ். அவ்வளவுதான்.

ஃபெலனாப்சிஸ்: வெக்கையை நமக்குச் சாதகமாக்குவது

பட்டாம்பூச்சி மாதிரிப் பெரிய பூவோடு பரிசாக வருமே, அது ஃபெலனாப்சிஸ். சென்னையில் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே குறை, முதல் பூவுக்குப் பிறகு பூக்கவே இல்லை என்று. அதற்குப் பூத்தண்டு விட 25 டிகிரிக்குக் கீழான குளிர் சில வாரம் வேண்டும். நம் மார்கழி, தையில் கிடைத்தால் உண்டு. ஆனால் அதே வெக்கைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. 28 டிகிரிக்கு மேல் போனால் பூத்தண்டின் கணுக்கள் பூவாக மாறாமல் குட்டியாக மாறும் போக்கு அதிகம். ஆக, பூக்காத ஊரில் குட்டி எடுக்கலாம்.

பூ உதிர்ந்ததும் பூத்தண்டை அடியோடு வெட்டாதீர்கள். பச்சையாக இருந்தால் கடைசிப் பூ இருந்த இடத்துக்குக் கீழே வெட்டி, அடிப்பகுதியை விட்டுவையுங்கள். அடியிலிருந்து மேலாக இரண்டு, மூன்று கணு தெரியும். ஒவ்வொன்றையும் முக்கோணச் செதில் ஒன்று மூடியிருக்கும். பிளேடு நுனியால் அந்தச் செதிலை மட்டும் நடுவில் கீறி, இரண்டு பக்கமும் உரித்தெடுங்கள். அடியில் பச்சையாக, குண்டூசித் தலை அளவில் மொட்டு இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள். அதன்மேல் கெய்கி பேஸ்ட் தடவ வேண்டும். இது சைட்டோகைனின் வகை ஹார்மோன் கலந்த பசை, சின்ன டப்பாவாக விற்கிறார்கள். பல்குச்சி நுனியில் எடுத்து, மொட்டை மூடும் அளவு மட்டும். அதிகம் தடவினால் நாலைந்து தளிர் ஒன்றாகக் குழம்பி முடிச்சு போல வரும், எதுவும் தேறாது. ஒரு செடியில் ஒரு கணு போதும்.

ஆறு, எட்டு வாரத்தில் ஏதாவது வெளியே வரும். சில தடவை குட்டி, சில தடவை பூத்தண்டுக் கிளை. எது வரும் என்பதைச் செடிதான் முடிவு செய்யும். குட்டியென்றால் இரண்டு மூன்று இலையும் இரண்டங்குல வேரும் வர ஆறு மாதம் போலப் பிடிக்கும். வேர் வராமல் அடம்பிடித்தால் குட்டியின் அடியில் ஈர மாஸ் கட்டுங்கள். பிரிக்கும்போது பூத்தண்டை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அந்தத் துண்டையே கொக்கி போல மாஸில் குத்தி வைத்தால் குட்டி ஆடாமல் நிற்கும்.

வாடிப்போன செடியில், தளர்ந்த இலையோடு இருப்பதில் இதைச் செய்யாதீர்கள். குட்டிக்குப் பால் கொடுக்கத் தாய்க்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

வாண்டா, மொகாரா: தலையை வெட்டுதல்

வாண்டா என்பது சமஸ்கிருதத்திலிருந்து போன பெயர். நம் ஊர்ச் செடிதான். மாமரத்திலும் புளியமரத்திலும் தொற்றிக்கொண்டு, கட்டம் போட்ட பழுப்புப் பூவோடு வாசனையாகப் பூப்பது வாண்டா டெசலேட்டா. கூடையில் தொங்கவிட்டு வளர்க்கும் கலப்பின வாண்டா வருடம் போகப் போகக் கீழ் இலைகளை இழந்து, மொட்டைக் காலோடு உயர்ந்துகொண்டே போகும். நடுத்தண்டிலும் வேர்கள் தொங்கும். அப்போதுதான் வெட்டலாம்.

மேல் பாதியில் கெட்டியான வேர் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், நாலைந்து என்றால் நிம்மதி. அந்த வேர்களுக்குக் கீழே ஒரே வெட்டு. இரண்டு முனையிலும் பட்டைத்தூள். மேல் பாதியை அன்றைக்கு நிழலில் தொங்கவிட்டு, மறுநாள் வேரை அரை மணி நேரம் ஊறவைத்து, வளைந்து கொடுக்கும் நிலையில் கூடைக்குள் சுற்றி விடுங்கள். கரி நிறையத் தேவையில்லை, ஓரிரு துண்டு போதும். கேபிள் டையால் கூடையோடு இறுக்குங்கள். கீழே மிஞ்சிய அடிக்கட்டையை மறந்துவிடாதீர்கள். இரண்டு இலையாவது மிச்சம் வைத்து வெட்டியிருந்தால், சில மாதத்தில் அதன் பக்கத்தில் ஒன்றிரண்டு குட்டி வெடிக்கும். அவற்றையும் வேர் வந்தபின் பிரிக்கலாம்.

மொகாராவும் குச்சி இலை வாண்டாவும் இன்னும் சுலபம். ஒன்றரை அடித் தலை, இரண்டு மூன்று வேர் இருந்தால் போதும். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இப்படிப் பரவியதுதான். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் வந்த கலப்பினம் அது, 1893இல் பதிவானது. பிறகு ஊர் ஊராகப் போனதெல்லாம் பெரும்பாலும் அதன் தண்டு வெட்டுகள்.

கேட்லியா, ஆன்சிடியம் இரண்டும் டென்ட்ரோபியம் போலத்தான். கேட்லியாவில் மட்டும் ஒரு தந்திரம்: தொட்டியை விட்டு எடுக்காமலேயே கிழங்கை வெட்டி, அப்படியே ஓரிரண்டு மாதம் விட்டுவிடுங்கள். பின்பாதியில் தானாகத் தளிர் வரும். வந்த பிறகு பிரித்தால் செடிக்கு அதிர்ச்சி குறைவு.

முதல் ஆறு வாரம்

பிரித்த செடியை 75 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். புது வேர் கரியைப் பிடித்த பிறகு டென்ட்ரோபியத்தையும் வாண்டாவையும் 50 சதவீத வலைக்கு மாற்றலாம். உரத்துக்கு அவசரமே இல்லை. வேர் இல்லாத செடிக்கு உரம் கொடுப்பது பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்கு கொடுப்பது மாதிரி. வேர் ஓடத் தொடங்கியதும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள்.

இலை சுருங்கினால் எல்லாரும் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். வேர் இல்லாததால்தான் சுருங்குகிறது. தொட்டிக்குள் தண்ணீரைக் கூட்டினால் இருக்கிற ஒன்றிரண்டு வேரும் போகும். சுற்றியுள்ள ஈரப்பதத்தைக் கூட்டுங்கள், பக்கத்தில் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் கொஞ்சம் உதவும். கொசு வராமல் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றிவிடுங்கள். மழை நாளில் ராத்திரி டார்ச் அடித்து நத்தை தேடுங்கள். பச்சை வேர்நுனி என்றால் அதற்கு அல்வா. ஒரே இரவில் ஆறு நுனியைக் கடித்து வைத்த கடுகளவு நத்தையை நான் பிடித்திருக்கிறேன்.

குப்பி நாற்று: விதை ஆசை தீர

விதையிலிருந்துதான் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள், ஆய்வுக்கூடத்தில் முளைக்க வைத்த நாற்றுகளைக் குப்பியோடு வாங்கலாம். ஒரு பாட்டிலில் இருபது, முப்பது இருக்கும். விதை நாற்று என்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு பூ பூக்கலாம், அதுதான் அதில் சுவாரசியம். திசு வளர்ப்பு நாற்று என்றால் எல்லாம் ஒரே மாதிரி பூக்கும். 1960இல் ஜார்ஜ் மொரேல் சிம்பிடியத்தின் குருத்து நுனியிலிருந்து செடிகள் எடுத்துக் காட்டிய பிறகுதான் இந்த வழி பரவியது.

குப்பி வந்ததும் திறக்காமல் ஒரு வாரம் நல்ல நிழலில் வைத்துப் பழக்குங்கள். பிறகு உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சுழற்றிச் சுழற்றி நாற்றுகளை வெளியே ஊற்றுங்கள். வாய் குறுகலாக இருந்தால் பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி உடைக்க வேண்டியதுதான். வேரில் ஒட்டியுள்ள அகார் கூழைப் பொட்டுக்கூட மிச்சமில்லாமல் அலசுங்கள். அதில் சர்க்கரை இருக்கிறது, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். சாஃப் பாதி அளவில் ஐந்து நிமிடம் முக்கி, பெரியது ஒரு தொட்டி, சிறியது ஒரு தொட்டி என்று பிரித்து, மாஸும் பொடிக் கரியும் கலந்து நெருக்கமாக நடுங்கள். கூட்டமாக இருந்தால் ஈரம் நிற்கும். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, முதல் வாரம் முழுதாக, இரண்டாம் வாரம் மூடியைக் கழற்றி, மூன்றாம் வாரம் பகலில் எடுத்துவிட்டு, பிறகு முழுக்க எடுத்துவிடலாம். என் முதல் குப்பியில் 30 நாற்று இருந்தது, 11 பிழைத்தது. அகாரைச் சரியாக அலசாததுதான் காரணம் என்பது என் கணிப்பு.

காட்டிலிருந்து எடுக்காதீர்கள்

மலைச்சாலை ஓரத்தில் சாக்கில் கட்டி ஆர்க்கிட் விற்பார்கள். வேர் பாறையிலிருந்தோ மரப்பட்டையிலிருந்தோ பிய்த்ததாகத் தெரியும். வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம். எல்லா ஆர்க்கிட்டும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அதனால் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதிலும் கவனம் தேவை. அதைவிட, காட்டுச்செடி நம் பால்கனியில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நம் காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசையிருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, ஒரு நாள் போய் வாருங்கள்.

பெயர்ச்சீட்டு

பிரித்த அன்றைக்கே எழுதிக் குத்திவிடுங்கள்: செடியின் பெயர், எந்தத் தாயிலிருந்து, எந்தத் தேதி. பழைய தயிர் டப்பாவைக் கீற்றாக வெட்டினால் சீட்டு தயார். மார்க்கரால் எழுதாதீர்கள், சென்னை வெயிலில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பென்சில் நிற்கும். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெள்ளை என்று சொல்லிக் கொடுத்த குட்டி போன ஆவணியில் ஊதாவாகப் பூத்தது. "பரவாயில்லை, இதுவும் நல்லாத்தான் இருக்கு, வெள்ளையை எப்ப தர்றே?" என்று கேட்டிருக்கிறார். அந்த வெள்ளை இப்போது என்னிடம் உள்ள பதினான்கு தொட்டிகளில் எது என்று பூத்தால்தான் தெரியும்.